பிள்ளையைப்போல் ஜெபிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

20 வருஷத்துக்கு மேலாக ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆனால் ஜெபத்தைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள், தாத்தாக்கள், சில சமயம் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசும் அப்பாக்கள். "பிள்ளைகளைப்போல் ஆகுங்கள்னு இயேசு சொன்னாரே, இந்த வயசுல நான் எப்படி அப்படி ஜெபிக்கிறது?" என்ற இடத்துக்குத்தான் பேச்சு சுற்றிச் சுற்றி வரும். வந்த கேள்விகளையும், சொன்ன பதில்களையும், அன்றைக்குச் சொல்ல வராமல் பிறகு வீட்டுக்கு வந்து யோசித்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வசனங்களை நம் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன்.

"பிள்ளைகளைப்போல்" என்றால் கள்ளங்கபடம் இல்லாமல் என்று அர்த்தமா?

பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். என் வகுப்பில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் கடைசி இரண்டு பிஸ்கட்டுக்கு நடக்கிற சண்டையைப் பார்க்கவேண்டும். கிள்ளலும் இருக்கும், பொய்யும் இருக்கும். இயேசுவுக்கும் பிள்ளைகளைத் தெரியும். சந்தைவெளியில் விளையாடும் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லிக்கொள்வதை உவமையாகவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 11:16-17).

அவர் அந்த வார்த்தையைச் சொன்ன சந்தர்ப்பத்தைப் பாருங்கள். பரலோகராஜ்யத்தில் எவன் பெரியவன் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். அவர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவே நிறுத்தி, "நீங்கள் மனந்திரும்பிப் பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால், பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டீர்கள்" என்கிறார் (மத்தேயு 18:3). அந்தக் காலத்தில் பிள்ளை என்றால் வீட்டில் கடைசி ஆள். கையில் காசு கிடையாது, பெரியவர்கள் கூடும் இடத்தில் பேச்சு கிடையாது, யாருக்கும் சிபாரிசு பண்ண முடியாது. யார் பெரியவன் என்ற போட்டிக்குக் கணக்கிலேயே எடுக்காத ஒரு ஆளைத்தான் நடுவில் நிறுத்தினார்.

மாற்கு 10-ம் அதிகாரத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது. பிள்ளைகளை அவரிடம் கொண்டுவருகிறார்கள். லூக்கா இதே சம்பவத்தை எழுதும்போது கைக்குழந்தைகளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் போடுகிறார். தானாக நடந்து வரக்கூட முடியாமல், இன்னொருவர் இடுப்பில் வந்து சேர்ந்தவை. சீஷர்கள் அதட்டுகிறார்கள். இயேசு விசனமடைகிறார். "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்று சொல்லி அணைத்துக்கொள்கிறார். அடுத்த காட்சியிலேயே ஒருவன் ஓடிவந்து முழங்கால்படியிடுகிறான். சிறுவயது முதல் கற்பனைகளையெல்லாம் கைக்கொண்டவன், மிகுந்த ஆஸ்தி உள்ளவன். அவன் துக்கத்தோடே திரும்பிப் போகிறான். லூக்கா இந்தக் குழந்தைகளுக்கு முன்னால் இன்னொருவனையும் வைத்திருக்கிறார்: வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன், தசமபாகம் செலுத்துகிறேன் என்று ஜெபத்தில் தன் கணக்கை ஒப்பித்த பரிசேயன்.

எனக்கு இவர்களைப் பிரித்து வாசிக்கத் தெரியவில்லை. காட்டுவதற்கு நிறைய வைத்திருந்த இரண்டு பேரும் அப்படியே திரும்பிப் போனார்கள். ஒன்றுமே இல்லாமல் தூக்கி வரப்பட்டவை அவர் கைக்குள் இருந்தன. பிள்ளையைப்போல் ஜெபிப்பது என்று நான் புரிந்துகொண்டது இந்த வெறுங்கையைத்தான். போவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை, ஆனாலும் போகலாம், அவர் அப்படிப்பட்டவர் என்று போவது.

கடவுளை "அப்பா" என்று கூப்பிடுவது மரியாதைக் குறைவு ஆகாதா?

நம் வேதாகமத்தில் "அப்பா பிதாவே" என்று மூன்று இடத்தில் வருகிறது: மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. பல வருஷம் நான் அதைத் தமிழ் என்றே நினைத்து வாசித்திருக்கிறேன். அது தமிழ்ச் சொல் இல்லை. இயேசு வீட்டிலும் தெருவிலும் பேசிய அரமாயிக் மொழியின் சொல். புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள் அந்தச் சொல்லை மொழிபெயர்க்க மனம் வராமல் அப்படியே வைத்து, பக்கத்தில் கிரேக்கத்தில் "பிதாவே" என்றும் சேர்த்தார்கள். அது தமிழுக்கு வந்தபோது நம் வீட்டுச் சொல்லோடு அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. இயேசுவின் வாயில் இருந்த அந்தச் சொல்லை ஏறக்குறைய அதே ஓசையோடு நம் பிள்ளைகள் தினமும் வாசலைப் பார்த்துக் கத்துகிறார்கள். இது தெரிந்த நாளில் மாற்கு 14-ஐ வாய்விட்டு வாசித்தேன், முடிக்க முடியவில்லை.

இதை மழலைச் சொல் என்று சில பிரசங்கங்களில் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. அந்த மொழியில் பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தமிழிலும் அப்படித்தானே? மூன்று வயதுப் பிள்ளைக்கும் "அப்பா"தான். தலை நரைத்த மகன் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் குனிந்து கூப்பிடுவதும் "அப்பா"தான். நெருக்கமும் மரியாதையும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன, ஒன்று வந்தால் மற்றது குறைந்துவிடாது.

இன்னொன்று. இயேசு அந்தச் சொல்லைச் சொன்னதாக மாற்கு எழுதி வைத்திருக்கும் ஒரே இடம் கெத்செமனே. நாளைக்குச் சாவு என்று தெரிந்த இரவில், தரையில் விழுந்து சொன்ன சொல் அது.

"நீர்", "உம்முடைய" என்று பேச வரவில்லை என்றால் "நீங்க" என்றே பேசுங்கள். எங்கள் பிள்ளைகள் "இயேசப்பா, நீங்க" என்பார்கள், சில வாண்டுகள் "நீ" என்றே சொல்லும். நான் திருத்துவதில்லை.

என் அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார். "பிதாவே" என்று சொல்லவே வாய் வரவில்லை. என்ன செய்வது?

இதைக் கேட்ட அம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "பூமித் தகப்பன் வேற, பரம தகப்பன் வேற" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது போதவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. இன்றைக்குக் கேட்டால் இப்படிச் சொல்வேன்.

அந்தச் சொல் வரவில்லை என்றால் வரவழைக்க வேண்டாம். மேய்ப்பர், கன்மலை, அடைக்கலம் என்று வேதத்தில் வேறு எத்தனையோ இருக்கின்றன. "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்று ஏசாயா 66:13 சொல்கிறது. எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன் என்று ஓசியா 11:3-ல் தேவன் சொல்வதைக் கேட்டால், முற்றத்தில் ஒரு குழந்தையை நடக்கவிட்டுப் பின்னாலேயே குனிந்து போகிறவரைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

வேதம் பெற்றோரைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. தாய் தன் பாலகனை மறப்பாளோ என்று கேட்டுவிட்டு, "அவர்கள் மறந்தாலும்" என்று உடனே சேர்க்கிறது (ஏசாயா 49:15). அதாவது மறக்கிற தாயும் உண்டு. "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும்" என்று சங்கீதம் 27:10 பாடுகிறது. மகன் அப்பம் கேட்டால் கல்லைக் கொடுப்பானா என்று சொன்ன இயேசுகூட, கேட்டுக்கொண்டிருந்த தகப்பன்மாரைப் "பொல்லாதவர்களாகிய நீங்கள்" என்றுதான் குறிப்பிட்டார் (மத்தேயு 7:11). உங்களுக்கு நடந்தது அவருக்குப் புதுச் செய்தி இல்லை. உங்கள் அப்பாவைப் பெரிதாக்கி வரைந்த படம்தான் கடவுள் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

இன்றும் அடி விழுகிற வீட்டில் ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால், அதற்காக ஜெபியுங்கள், அதோடு 1098-க்குப் போன் பண்ணுங்கள். இந்தியாவில் குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது.

எனக்கு அழகாக ஜெபிக்க வராது. கூட்டத்தில் என் முறை வந்தால் நெஞ்சு படபடக்கிறது.

நமக்கு ஜெபத்துக்கென்றே ஒரு பாஷை இருக்கிறது. "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் நல்ல தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்" என்று தொடங்கி "ஜீவனுள்ள நல்ல பிதாவே, ஆமென்" என்று முடியும். அந்த வார்த்தைகளில் வளர்ந்தவள் நான், அவை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவை தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று யாராவது நினைத்தால், குழந்தைகளை அதட்டிய சீஷர்கள் ஞாபகம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார் ஜெபிக்கிறீர்கள் என்று கேட்டதும் ஆறு வயதுப் பையன் ஒருவன் எழுந்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. "இயேசப்பா, எங்க ஆட்டுக்குட்டிக்குக் காலு சரியாகணும். அப்புறம் ஒண்ணும் இல்ல. ஆமென்." உட்கார்ந்துவிட்டான். அந்த "அப்புறம் ஒண்ணும் இல்ல" என் காதில் பல நாள் இருந்தது. என் ஜெபத்தில் விஷயம் முடிந்த பிறகும் எவ்வளவு நேரம் நான் பேசிக்கொண்டே இருக்கிறேன் என்று அன்றுதான் கவனித்தேன். "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று சொல்லிவிட்டு இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிஷம் ஆகாது.

நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் சிறுமலர் என்று அன்போடு கூப்பிடும் லிசியே நகரத்துத் தெரேசாவுக்கும் இதே தவிப்பு இருந்திருக்கிறது. பிரான்சில் 1873-ல் பிறந்து, 15 வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்து, காசநோயால் 24 வயதில் இறந்தவர். புத்தகங்களில் இருக்கும் அழகான ஜெபங்களையெல்லாம் தேடிப் பிடிக்கத் தன்னால் முடியவில்லை, வாசிக்கத் தெரியாத பிள்ளையைப்போல் சொல்ல வந்ததைக் கடவுளிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன் என்று எழுதினார். பள்ளிப் படிப்பே அதிகம் இல்லாத அவரை 1997-ல் திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது முழுச் சபைக்கும் ஆசிரியர், என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார்.

வார்த்தையே வராத நாளும் உண்டு. அதற்கும் ரோமர் 8:26-ல் இடம் இருக்கிறது: வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார். பெருமூச்சு விடத் தெரியாதவர் யாரும் இல்லை.

ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது.

தெரேசாவும் மடத்தில் ஜெப நேரத்தில் வருஷக்கணக்காகத் தூங்கியிருக்கிறார். பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர் என்றால் முதலில் தூங்குங்கள்.

பஸ் கிடைக்கணும், தொலைந்த சாவி கிடைக்கணும் என்று சின்ன விஷயங்களுக்கெல்லாம் ஜெபிக்கலாமா?

ஜெபிக்கலாம். பரமண்டல ஜெபத்தில் ராஜ்யம் வருவதாக, சித்தம் செய்யப்படுவதாக என்று வானத்தளவு போய்விட்டு, உடனே "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று அடுப்படிக்கு வந்துவிடுகிறது. சோறு சின்ன விஷயம் என்றால் சாவியும் சின்ன விஷயம்தான். அந்த வரியில் இருக்கும் "எங்களுக்கு" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். தனியறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சொன்னாலும் அது பன்மைதான், பக்கத்து வீட்டுப் பானையும் அதில் சேர்ந்திருக்கிறது.

நமக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு முன்னமே தெரியுமே, பிறகு எதற்குக் கேட்பது?

தெரியும் என்று இயேசுவே சொல்கிறார் (மத்தேயு 6:8). சொன்ன கையோடு கேட்கவும் கற்றுக்கொடுக்கிறார். எரிகோவில் பர்திமேயு என்ற குருடன் வழியோரம் உட்கார்ந்து கத்துகிறான். அவனை அழைப்பித்து, "நான் உனக்கு என்னசெய்யவேண்டுமென்றிருக்கிறாய்" என்று இயேசு கேட்கிறார் (மாற்கு 10:51). குருடனுக்கு என்ன வேண்டும் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அவன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அதுவரை வழிப்போக்கர்கள் அவனைப் பேசாதே என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக ஒருவர் நின்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குப் பசிக்கும் என்று எந்த அம்மாவுக்குத் தெரியாது? தட்டு ஏற்கெனவே மூடி வைத்திருக்கும். ஆனாலும் "அம்மா, பசிக்குது" என்ற சத்தம் வாசலில் கேட்காவிட்டால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை.

கேட்டேன், அழுதேன், உபவாசித்தேன். கிடைக்கவில்லை. என் விசுவாசம் குறைவா?

என் அக்கா 41 வயதில் போய்விட்டாள். 11 மாதம் ஜெபித்தோம். அம்மா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு முழங்காலில் நிற்பாள். அக்காவின் சின்ன மகள் தினமும் ஜெபித்தாள். அடக்கம் முடிந்து வந்த வீட்டில், இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் அம்மாவிடம் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட ஜெபிச்சிருக்கலாம்." அந்த வார்த்தையை அம்மா சாகும்வரை சுமந்தாள். இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே அழுத்திச் சொல்கிறேன். கேட்டது கிடைக்காததை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்காதீர்கள். இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று இயேசு கேட்டார், அது எடுக்கப்படவில்லை. அவருக்கா விசுவாசம் குறைவு? தன் மாம்சத்தின் முள் நீங்கப் பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:8-9).

தோனாவூர் அம்மா என்று நெல்லைச் சீமையில் சொல்லும் ஆமி கார்மைக்கேலின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அயர்லாந்தின் வடக்கே மில்ஐல் என்ற கடலோர ஊரில் 1867-ல் பிறந்து, நெல்லைப் பக்கம் தோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி. சின்னக் குழந்தையாக இருந்தபோது, தன் அம்மாவுக்கு இருப்பதுபோல் நீலக் கண் வேண்டும் என்று ராத்திரி ஜெபித்தார். கேட்டால் கடவுள் தருவார் என்று அம்மா சொல்லியிருந்தார். காலையில் கண்ணாடியைப் போய்ப் பார்த்தால் அதே பழுப்புக் கண். "இல்லை" என்பதும் ஒரு பதில்தான் என்று அன்று கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். பிற்பாடு தமிழ்நாட்டில் சேலை கட்டி நம்மைப்போல் நடமாட அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது என்று கதையை முடிப்பது வழக்கம்.

அந்த முடிவு எனக்கு நிம்மதியாக இல்லை. எல்லா "இல்லை"க்கும் ஒருநாள் அழகான காரணம் தெரியவரும் என்று சொல்லிவிட்டால், தெரியவராதவர்கள் என்ன செய்வார்கள்? அதே ஆமி அம்மா 1931-ல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் 1951-ல் சாகும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலும்தான். தோனாவூர்ப் பிள்ளைகள் அவருக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. கண்ணாடியில் பழுப்புக் கண்ணைப் பார்த்த குழந்தை அதற்குப் பிறகும் ஜெபிப்பதை விடவில்லை.

அக்கா போன பிறகு ஆறு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. போய் உட்காருவேன், வாய் திறக்காது. அப்போது சங்கீதம் 131 கண்ணில் பட்டது. மூன்றே வசனம். தாயின் பால் மறந்த குழந்தையைப்போல என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன் என்கிறது. அதுவரை அதைப் பால் குடிக்கும் குழந்தை என்றே மனதில் நினைத்திருந்தேன். இல்லை, பால் மறந்த குழந்தை. பழைய யூத வீடுகளில் குழந்தைக்கு மூன்று வயதுவரை பால் கொடுத்ததை, கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கும் 2 மக்கபேயர் 7:27-ல் ஒரு தாயே சொல்கிறாள். பேசத் தெரிந்த, கோபிக்கத் தெரிந்த குழந்தை அது.

என் மகனுக்குப் பால் மறக்கடிக்க வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவினேன், எங்கள் பக்கத்துப் பழக்கம். வாய் வைத்ததும் முகம் கோணி என்னை நிமிர்ந்து பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வை. அதுவரை எல்லாம் தந்த இடம் கசந்துபோனது. ஏன் என்று அவனுக்கு எந்தப் பாஷையில் சொல்ல முடியும்? இரண்டு ராத்திரி அலறினான், என்னை அடித்தான். மூன்றாம் ராத்திரி அதே மடியில் வந்து படுத்தான், ஒன்றும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கிப்போனான். அதுவரை பாலுக்கு வந்தவன் அன்று எனக்காக வந்தான்.

அக்காவை ஏன் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றும் தெரியாது. கசந்தது கசந்ததுதான். ஆனால் அந்த ஆறு மாதம் வாய் திறக்காமல் போய் உட்கார்ந்தேனே, அதையும் ஜெபம் என்று சொல்ல ஒரு சங்கீதம் இருக்கிறது.

கோபமாக, "ஏன் இப்படிச் செய்தீர்?" என்று கேட்கலாமா?

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சங்கீதம் 13 தொடங்குகிறது. சங்கீதம் 88 சமாதானமாகக்கூட முடியவில்லை, இருளிலேயே நிற்கிறது. இவற்றைப் பயந்து நீக்கிவிடாமல் ஜெபப் புத்தகத்திலேயே சேர்த்து வைத்தார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் பிள்ளை அழாது, அடங்கிக் கிடக்கும். தன் ஆள் என்று தெரிந்தவரிடம்தான் அடம்பிடிக்கும்.

முழுதாக நம்பினால் டாக்டரிடம் போகக்கூடாது, மாத்திரையை நிறுத்தவேண்டும் என்கிறார்களே?

மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கும் வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் சாப்பிடும் மாத்திரையை ஜெபத்தின் பேரில் நிறுத்தச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் கேட்காதீர்கள். எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவாய் வியாதிப்பட்டு, சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். ஜெபத்தைக் கேட்டேன், 15 வருஷம் கூட்டித் தருவேன் என்று கர்த்தர் சொன்னார். சொன்னபிறகு ஏசாயா செய்தது என்ன? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38). ஜெபத்துக்குப் பதிலும் வந்தது, மருந்தும் வந்தது. பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா வைத்தியர்.

நம்பிக்கை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று நினைப்பவர்களுக்கு ஜார்ஜ் முல்லரைச் சொல்வேன். 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 10,000-க்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர். இல்லத்துக்காக எந்த மனுஷனிடமும் போய்க் கை நீட்டுவதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்று தீர்மானித்திருந்தார். வந்த காணிக்கையை ஒவ்வொரு காசாக எழுதி வைத்து அறிக்கையும் அச்சிட்டார். நம்பிக்கையும் கணக்குநோட்டும் ஒரே மேசையில் இருந்தன.

குழந்தையைப்போல் என்றால் கேள்வி கேட்காமல் இருக்கவேண்டுமா?

உங்களுக்கு நாலு வயதுப் பிள்ளை இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது! "புத்தியிலே குழந்தைகளாயிராதேயுங்கள்" என்று பவுலே சொல்கிறார் (1 கொரிந்தியர் 14:20). ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிள்ளையைப்போல் நம்பச் சொன்னது கடவுளை. ஒரு மனுஷன் மேடையில் நின்று, கேள்வி கேட்காமல் என்னை நம்பு, இவ்வளவு விதைத்தால் இவ்வளவு அறுப்பாய் என்று உங்கள் தாலிச் சங்கிலியைப் பார்த்தால், எழுந்து வந்துவிடுங்கள். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்று இயேசு சொன்னது, பிள்ளையை நடுவே நிறுத்திய அதே மத்தேயு 18-ம் அதிகாரத்தில்தான்.

ஜெபிக்கிறேன், ஆனால் உள்ளே நம்பிக்கையே இல்லை. வேஷம்போல் இருக்கிறது.

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் கண்ணீரோடு சத்தமிட்டார் (மாற்கு 9:24). பாதி நம்பிக்கையோடு வந்தவரின் மகனை இயேசு சுகமாக்கினார்.

மேலே சொன்ன தெரேசா, பிள்ளையைப்போல் நம்புவதையே தன் வழியாகக் கொண்டவர். அவருடைய கடைசி ஒன்றரை வருஷம் அப்படி இனிமையாக இருக்கவில்லை. 1896 ஈஸ்டர் சமயத்தில் இரத்தம் துப்பத் தொடங்கியபோதே, பரலோகம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டும் வந்துவிட்டது. சாகும்வரை அது முழுதாக விலகவில்லை. அந்த இருட்டுக்குள் இருந்துகொண்டேதான் ஜெபித்தார், எழுதினார். உணர்ச்சி வரும்வரை காத்திருந்திருந்தால் அவர் எழுதியதில் பாதி நம் கைக்கு வந்திருக்காது. உங்களுடையது வேஷம் என்று நான் நினைக்கவில்லை. இருட்டில் இருக்கும் பிள்ளையும் "அப்பா, இருக்கீங்களா?" என்றுதான் கேட்கும்.

எங்கே ஆரம்பிப்பது?

இன்றைக்கு ராத்திரி. போனை வேறு அறையில் வையுங்கள். படுக்கையின் ஓரத்திலோ மொட்டைமாடியிலோ, எங்கே யாரும் கூப்பிடமாட்டார்களோ அங்கே உட்காருங்கள். "அப்பா" என்றோ "ஆண்டவரே" என்றோ ஒருமுறை கூப்பிட்டுவிட்டு, இன்று மனதில் பெரிதாக நிற்பது எதுவோ அதைச் சொல்லுங்கள். பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளிக் கட்டணம், தொகையோடு சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பரமண்டல ஜெபத்தை மெதுவாக ஒருமுறை.

படுக்கும்போது சங்கீதம் 31:5: "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." யூதர்களின் படுக்கைநேர ஜெபத்தில் இன்றும் இந்த வசனம் உண்டு. சிலுவையில் கடைசியாக இயேசு இதைத்தான் சொன்னார், முன்னால் "பிதாவே" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார் (லூக்கா 23:46).

என் பிள்ளைகளுக்கு ஜெபிக்க எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பரமண்டல ஜெபம் மனப்பாடமாகட்டும், அது ஆயுளுக்கும் உதவும். குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாக வையுங்கள், பசியோடும் தூக்கத்தோடும் உட்காரவைத்து ஜெபத்தைத் தண்டனையாக்காதீர்கள். அவர்கள் தங்கள் வார்த்தையில் பேசும்போது குறுக்கே திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். நீங்கள் ஜெபிப்பதை அவர்கள் பார்க்கட்டும், அழுதால் அழுவதையும் பார்க்கட்டும். முக்கியமாக, அவர்கள் எதற்காக ஜெபித்தார்கள் என்பதை ஞாபகம் வைத்திருந்து பிறகு விசாரியுங்கள்.

நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனிடம், ஆட்டுக்குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இன்னும் நொண்டுது டீச்சர்" என்றான். "இன்னைக்கும் நானே ஜெபம் பண்ணவா?"